ஆறிய இடத்தில் ஏன் களிம்பு?

மருந்துச் சீட்டின் கடைசி வரியில் “சனி, ஞாயிறு மட்டும், நான்கு மாதம்” என்று தோல் மருத்துவர் எழுதியிருப்பார். அதன் கீழே ஒரு கோடும் இழுத்திருப்பார். பெரும்பாலான வீடுகளில் அந்த வரி நிறைவேறுவதில்லை. முதல் பத்து நாள் தடவியதிலேயே பிள்ளையின் முழங்கை மடிப்பில் இருந்த சிவப்பு போய்விட்டது; சொறிவது நின்றுவிட்டது; ராத்திரி அழாமல் தூங்குகிறது. ஆறிப்போன இடத்தில் எதற்கு மறுபடியும் ஸ்டீராய்டு என்று பாட்டி கேட்பார். அம்மாவுக்கும் அதே சந்தேகம்தான். ட்யூபின் மூடியை இறுகத் திருகி அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். மூன்றாவது வாரம் அதே மடிப்பில் அதே சிவப்பு திரும்பி வந்து நிற்கும்.

பாட்டியின் கேள்வி நியாயமானது. அதற்கான பதில் தோல் மருத்துவத்திடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது. ஆனால், நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் அதை விளக்க யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. விளக்கப்படாத மருந்தை யாரும் விரும்பித் தடவமாட்டார்கள். அதிலும் ஸ்டீராய்டு என்று பெயர் வைத்திருக்கும் மருந்தை.

நம் ஊரில் கரப்பான் என்று சொல்லப்படும் தோல் நோய்களில் பெரும்பகுதி, மருத்துவர்கள் எக்ஸிமா என்று அழைப்பதுதான். அதில் குழந்தைகளை அதிகம் படுத்துவது அட்டோபிக் வகை. கைக்குழந்தையாக இருக்கும்போது கன்னத்தில் தொடங்கும்; நடக்கும் வயதில் முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு இறங்கும்; கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் என்று இடம் பிடிக்கும். இதே குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் ஆஸ்துமாவோ ஒவ்வாமைத் தும்மலோ வரும். வீட்டில் யாருக்காவது இழைப்பு உண்டா என்று தோல் மருத்துவர் விசாரிப்பது அதனால்தான். கரப்பான் என்றதும் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது கத்தரிக்காயும் கருவாடும். சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு. மற்ற பலருக்கோ அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போய், பிள்ளை ரசம் சாதத்தில் வளர்வதுதான் மிச்சம். நோய் அப்படியே இருக்கும்.

கோளாறு தோலின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. தோலின் மேலடுக்கு உறுதியாக இருக்க ஃபிலாக்ரின் என்ற புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு அட்டோபிக் எக்ஸிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு 2006இல் கண்டறிந்து சொன்னது. மேலடுக்கு பலவீனமானால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். சோப்பு, தூசு, கம்பளி, வியர்வை எல்லாம் உள்ளே உறுத்தும். உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரளும். அரிக்கும். சொறிந்தால் மேலடுக்கு இன்னும் கிழியும். கிழிந்த இடத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா குடியேறும். அது அழற்சியைக் கூட்டும், மறுபடி அரிக்கும்.

இங்கேதான் பாட்டிக்கான பதில் தொடங்குகிறது. சிவப்பு மறைந்து, பார்வைக்கு நல்ல தோல்போல இருக்கும் இடத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அழற்சி அணுக்கள் அங்கே இன்னும் இருப்பது தெரிகிறது. கண்ணுக்கு ஆறியது, உள்ளே ஆறவில்லை. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான். அடுத்த வெயிலோ, காய்ச்சலோ, தேர்வு நேரப் பதற்றமோ வந்து ஊதினால் போதும். எக்ஸிமா அடிக்கடி “திரும்ப வருகிறது” என்கிறோம். பல குழந்தைகளிடம் அது கிளம்பிப் போகவே இல்லை.

ஸ்டீராய்டு மருந்தின் வரலாறும் பழையதுதான். கார்ட்டிசோனைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்கவைத்த அந்த மருந்தைத் தோலில் தடவிப் பார்த்தபோது பலனில்லை. அதன் நெருங்கிய உறவான ஹைட்ரோகார்ட்டிசோன் பலன் தந்தது. 1952இல் அதை நிறுவியவர்கள் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் மரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும். அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்று இந்த நோய்க்கு 1933இல் பெயர் சூட்டிய இருவரில் ஒருவரும் இதே சல்ஸ்பெர்கர்தான். பெயர் வைத்தவரே மருந்தும் காட்டினார். அதன் பிறகு அரை நூற்றாண்டு, எல்லோரும் அந்த மருந்தை ஒரே விதமாகத்தான் பயன்படுத்தினார்கள்: சிவந்தால் தடவு, ஆறினால் நிறுத்து, மறுபடி சிவந்தால் மறுபடி தடவு.

வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற இந்த வழக்கத்தை 1990களின் கடைசியில் சிலர் மாற்றிப் பார்த்தார்கள். நெதர்லாந்து மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸிமா முழுக்க அடங்கிய பெரியவர்களுக்கு ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பை வாரத்தில் இரண்டு நாள் மட்டும், வழக்கமாகப் புண் வரும் இடங்களில் தடவச் சொன்னார்கள். 2002இல் குழந்தைகளையும் சேர்த்து அமெரிக்காவில் ஒன்று, 2003இல் ஐரோப்பாவில் ஒன்று என அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. 2003 ஆய்வின் அமைப்பு எளிமையானது. முதல் நான்கு வாரம் தினமும் களிம்பு. அடங்கியவர்கள் மட்டும் அடுத்த கட்டத்துக்கு. அதில் ஒரு பாதிக்குத் தினசரி ஈரப்பசைக் களிம்போடு வாரம் இரண்டு முறை ஸ்டீராய்டு. மறுபாதிக்கு ஈரப்பசையோடு மருந்தில்லாத வெறும் களிம்பு. பதினாறு வாரம் கவனித்தார்கள். ஈரப்பசை மட்டும் பூசியவர்களில் பாதிப்பேருக்கு ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் நோய் மீண்டும் தலைதூக்கிவிட்டது. வாரம் இருமுறை ஸ்டீராய்டு பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பதினாறு வாரத்தையும் சிக்கலில்லாமல் கடந்தார்கள். ஃப்ளூட்டிகசோன் க்ரீம் பூசியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 5.8 மடங்கு குறைவு என்று கணக்கிட்டார்கள்.

ஒன்றிரண்டு ஆய்வை வைத்து மருத்துவம் நடத்த முடியாது. அதனால் 2022இல் காக்ரேன் அமைப்பு, ஸ்டீராய்டு களிம்புகளை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்பதைச் சோதித்த 104 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. வார இறுதி முறையைச் சோதித்தவை அவற்றில் ஏழு. ஆயிரத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றவை. அந்த முறையைக் கைக்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. கைக்கொண்டவர்களில் 25 பேருக்கு. எல்லோரும் பயப்படும் தோல் மெலிதல், வார இறுதி ஆய்வுகளில் ஒருவரிடமும் பதிவாகவில்லை. இந்த ஆய்வுகள் எல்லாம் சில மாதங்களே நடந்தவை. ஆண்டுக்கணக்கில் தடவினால் என்ன ஆகும் என்பதற்கு இதே பலத்தில் சான்று கிடையாது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

இரண்டு நாள் மருந்து ஏழு நாளைக்கு எப்படிப் போதும்? தோலின் மேலடுக்கு ஸ்டீராய்டைச் சேமித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக உள்ளே விடுகிறது என்பதை விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் 1963இலேயே காட்டியிருந்தார். வாரத்தின் மிச்ச ஐந்து நாள்கள், தோல் தன் இயல்பான தடிப்பை மீட்டுக்கொள்ளக் கிடைக்கும் இடைவெளி.

சரி, செய்வது எப்படி? முதல் கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். தினமும் ஒருமுறை தடவும் கட்டத்தை, சிவப்பு வெளிறியதுமே நிறுத்திவிடுகிறார்கள். கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பும் தடிப்பும் இருந்தால் அழற்சி அடங்கவில்லை என்று பொருள். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு பளிச்சென்று தெரியாது; சாம்பல் பூத்தது போலவோ கருத்தோ இருக்கும். மேலைநாட்டுப் பாடநூல் படங்களைப் பார்த்துப் பழகிய கண் நம் பிள்ளைகளிடம் ஏமாந்துபோகும் இடம் இது. ஆறிய பிறகு தங்கும் கறுப்போ வெள்ளையோ நோய் அல்ல. மாதக்கணக்கில் தானாக மங்கும். அதைப் போக்க ஸ்டீராய்டைத் தொடரக் கூடாது.

எவ்வளவு எடுப்பது என்பதற்கு கார்டிஃப் நகரத் தோல் மருத்துவர் ஆண்ட்ரூ ஃபின்லேயும் அவருடைய சகாவும் 1991இல் ஒரு அளவைத் தந்தார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடுவரை ட்யூபிலிருந்து ஒரு நீளக்கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். தடவும் விரல் பெரியவருடையது, தடவப்படும் தோல் குழந்தையுடையது என்பதை மறக்கக் கூடாது. வீட்டில் நடப்பது வேறு: பயந்தவர்கள் மிளகு அளவு எடுத்துக் கை முழுக்க இழுத்துவிடுவார்கள், பயமில்லாதவர்கள் பேஸ்ட் மாதிரி அப்புவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு முழங்கை மடிப்பு, இரண்டு முழங்கால் மடிப்பு என்று நான்கு இடம். நான்குக்கும் சேர்த்து ஒரு விரல்நுனி அளவு, அதாவது அரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டுமுறை நோய் கிளம்பி, ஒவ்வொரு முறையும் ஏழு நாள் தடவினால் மாதத்துக்கு 7 கிராம். வார இறுதி மட்டும் தடவினால் மாதத்துக்கு நான்கு அல்லது நாலரை கிராம். நோயை முந்திக்கொண்டு தடவும் குடும்பம், நோய்க்குப் பின்னால் ஓடும் குடும்பத்தைவிடக் குறைவாகவே ஸ்டீராய்டு பயன்படுத்துகிறது. “ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டும்” என்று வார இறுதி மருந்தை நிறுத்தும் பெற்றோரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பாதி வாதம் முடிந்துவிடும்.

இது எல்லாருக்குமான வைத்தியம் அல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் எக்ஸிமாவுக்கு இது அனாவசியம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை நோய் கிளம்புகிறவர்களுக்கு, அது முழுக்க அடங்கிய பிறகு, வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் என்று வரையறுக்கிறது. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மருத்துவர் மறுபடி பார்த்துத் தொடரலாமா என்று முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மஞ்சள் பொருக்கும் நீர்க்கசிவும் இருந்தாலோ, காய்ச்சலோடு கொத்துக்கொத்தாகக் கொப்புளம் கிளம்பினாலோ அது வார இறுதிக்குக் காத்திருக்கும் விஷயமில்லை. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இடமும் முக்கியம். 1967இல் ஃபெல்ட்மன், மெய்பாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் வெவ்வேறு இடங்களில் தடவி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையை ஒன்று என்று வைத்தால் நெற்றி 6 மடங்கு, தாடைப்பகுதி 13 மடங்கு, விரைப்பை 42 மடங்கு உறிஞ்சியது. உள்ளங்காலோ ஏழில் ஒரு பங்குதான். முழங்கால் மடிப்புக்கு எழுதிக் கொடுத்த களிம்பை “மிச்சம் இருக்கே” என்று கன்னத்தில் தடவுவது எவ்வளவு விபரீதம் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும். முகம், கண் இமை, கழுத்து போன்ற இடங்களில் இதே வார இறுதி முறைக்கு டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பு இருக்கிறது. முதல் சில நாள் எரியும்; தோலை மெலியவைக்காது.

பயத்துக்கு வருவோம். அது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தோல் பிரிவுக்கு வந்த 200 பேரிடம் கேட்டு 2000இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 72 பேருக்கு மேல் ஸ்டீராய்டு களிம்பு தடவக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். நாலில் ஒருவர், அந்தக் கவலையால் மருத்துவர் சொன்னபடி தடவவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஜப்பானில் இது சமூகப் பிரச்சினையாகவே வெடித்தது. 1990களில் தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் ஸ்டீராய்டைப் பெரும் பூதமாகக் காட்ட, நோயாளிகள் கூட்டம் கூட்டமாக மருந்தை நிறுத்தினார்கள். அந்த வெற்றிடத்தில் வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை, விசேஷத் தண்ணீர், சத்து மாத்திரை என்று ஒரு வியாபாரமே முளைத்தது. அதை அங்கே “அட்டோபி பிசினஸ்” என்றே அழைத்தார்கள். ஜப்பானியத் தோல் மருத்துவச் சங்கம் 2000இல் முறையான சிகிச்சை வழிகாட்டுதலை வெளியிட்டு, நம்பிக்கையை மீட்கப் படாதபாடு பட்டது.

நம் நாட்டு நிலைமை ஜப்பானைவிட விசித்திரமானது. இங்கே பயமும் இருக்கிறது, கண்மூடித்தனமும் இருக்கிறது. பல நேரம் ஒரே வீட்டில். பிள்ளையின் கரப்பானுக்கு எழுதிக் கொடுத்த மிதமான களிம்பைத் தொடத் தயங்கும் அதே வீட்டில், நிறம் கூடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன “நைட் க்ரீம்” முகத்தில் தினமும் ஏறும். அதற்குள் இருப்பது பிள்ளையின் ட்யூபில் இருப்பதைவிட வீரியமான ஸ்டீராய்டாக இருக்கலாம். ஸ்டீராய்டு முதலில் ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தோலை வெளிறவைக்கும்; முகம் வெளுத்துவிட்டது என்று மகிழ்வார்கள். சில மாதத்தில் தோல் மெலிந்து, வெயிலில் எரிந்து சிவந்து, பரு வெடித்து, கன்னத்தில் பூனைமுடி வளரும். நிறுத்தினால் முகமே பற்றி எரியும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்று ஒரு நோய்ப் பெயரே வைக்க வேண்டியதாகிவிட்டது: ஸ்டீராய்டால் சிதைந்த முகம்.

இந்தியாவின் 12 மையங்களில் முகத்தில் தோல் கோளாறு என்று வந்த 2926 பேரை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் பத்தில் ஆறு பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல. கடைக்காரர், அழகு நிலையம், உறவினர், தோழி.

படர்தாமரையின் கதை இன்னும் மோசம். பூஞ்சைக்கான மருந்து, பாக்டீரியாவுக்கான மருந்து, அதோடு க்ளோபீட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு எல்லாம் ஒரே ட்யூபில் கலந்து விற்கப்பட்டன. எந்த அரிப்புக்கும் இதைக் கொடுத்துவிடலாம் என்பது கடைக்காரருக்கு வசதி. ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். அடக்கிய நிழலில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். இன்று நாட்டில் எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத படர்தாமரை பரவிக்கிடப்பதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். அதனால், வார இறுதிக் களிம்பு பற்றிப் படித்ததும் வீட்டிலிருக்கும் பழைய ட்யூபைத் தேடி எடுப்பது ஆபத்து. இருப்பது எக்ஸிமாதானா, படர்தாமரையா, சிரங்கா என்பதை முதலில் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் கொஞ்சம் தாமதமாக விழித்தது. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்கிற அட்டவணை ‘எச்’ பட்டியலில், வெளிப்பூச்சு மருந்துகளுக்கு நீண்ட காலம் விலக்கு இருந்தது. 2018இல் பதினான்கு ஸ்டீராய்டு களிம்புகளுக்கு அந்த விலக்கை மத்திய அரசு நீக்கியது. அதே ஆண்டு தடைசெய்யப்பட்ட கலவை மருந்துகளின் பட்டியலில் சில தோல் களிம்புகளும் இருந்தன. காகிதத்தில் எல்லாம் சரி. எந்த ஊர் மருந்துக்கடையிலும் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் காகிதத்துக்கும் கல்லாவுக்கும் உள்ள தூரம் தெரியும். “அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்கண்ணே” என்று கேட்பவரிடம் சீட்டு எங்கே என்று கேட்கும் கடைக்காரர் அபூர்வம்.

ட்யூபின் மேலுள்ள எழுத்தும் வாங்குபவருக்கு உதவாது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் என்று போட்டிருக்கும், க்ளோபீட்டசால் 0.05 சதவீதம் என்று போட்டிருக்கும். எண்ணைப் பார்த்தால் இரண்டாவதுதான் லேசானது என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அது முதலாவதைவிடப் பல நூறு மடங்கு வீரியமானது. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024இல் இதற்கு ஒரு வழி செய்தது: லேசானது, மிதமானது, வீரியமானது, மிக வீரியமானது என்ற நான்கில் எது என்பதை ட்யூபிலும் பெட்டியிலும் அச்சிட வேண்டும். இங்கே இதைச் செய்யப் புதிய ஆய்வகமோ பெரிய செலவோ வேண்டாம். வட்டார மொழியில் இரண்டு சொல் அச்சிட்டால் போதும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு உடனே செய்யக்கூடிய வேலை இது. செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் புலப்படவில்லை.

வார இறுதி முறையை ஆதரிப்பவர்கள் மறைக்கக் கூடாத ஆய்வு ஒன்று உண்டு. ஜப்பானில் எக்ஸிமா வந்த 650 கைக்குழந்தைகளைக் கொண்டு நடந்து, 2023இல் வெளியானது. ஒரு பிரிவுக்குச் சிவந்த இடத்தில் மட்டும் களிம்பு. மறுபிரிவுக்கு நன்றாக இருந்த தோலையும் சேர்த்து உடல் முழுக்கத் தீவிரமாக. தீவிரச் சிகிச்சை பெற்றவர்களில் முட்டை ஒவ்வாமை 31.4 சதவீதம், மற்றவர்களில் 41.9. பெரிய நன்மைதான். ஆனால் தீவிரச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சராசரியாக 422 கிராம் எடை குறைவாகவும், 0.8 சென்டிமீட்டர் உயரம் குறைவாகவும் இருந்தார்கள். உடல் முழுக்கப் பூசுவதும், நான்கு மடிப்பில் வாரம் இருமுறை பூசுவதும் வேறு வேறு. இருந்தாலும், கைக்குழந்தை விஷயத்தில் இடமும் அளவும் வீரியமும் குழந்தைக்குத் தக்கபடி வரையறுக்கப்படாமல் எந்த முறையையும் தொடங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பெற்றோரின் பயத்தைக் கேலிசெய்யும் மருத்துவர்களும் இந்த எண்களை ஒருமுறை படிக்கலாம்.

நீண்ட நாள் வீரியமான ஸ்டீராய்டு தடவி நிறுத்தியவர்களுக்கு உடம்பெங்கும் சிவந்து எரியும் பின்விளைவையும் இணையக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனின் அதே ஒழுங்குமுறை அமைப்பு 2021இல் இது பற்றி முறைப்படி எச்சரித்தது. மாதக்கணக்கில் தினமும், முகத்தில், வீரியமான களிம்பு என்று சேரும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. வார இறுதி முறையோ நாள்களை எண்ணிக் கொடுப்பது. தேதி குறித்து மறுபரிசீலனை செய்யச் சொல்வது. சரியாகச் செய்தால் அது கண்மூடித்தனத்துக்கும் எதிரானது, பயத்துக்கும் எதிரானது. சரியாகச் செய்வதற்குத்தான் நம் அமைப்பில் இடமில்லை.

இடம் உண்டாக்குவது அப்படியொன்றும் மலையைப் புரட்டும் காரியமல்ல. எந்தக் களிம்பு, எந்த இடத்தில், எத்தனை விரல்நுனி, எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும் என்று தமிழில் அச்சடித்த அரைப் பக்கத் தாள் ஒன்றைச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். விரல்நுனி அளவைப் பிதுக்கிக் காட்ட மருத்துவர் வேண்டாம். மருந்தாளுநரோ செவிலியரோ போதும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை போகிறது. அப்படி வீட்டுக்குப் போகும் ஊழியர், அங்கே சொறிந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியாது. முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று வீட்டுப் பெண்களிடம் இயல்பாகக் கேட்கக்கூடியவரும் அவர்தான். அவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுப்பதில் என்ன கஷ்டம்?

ஸ்டீராய்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது கவனத்திலிருந்து நழுவுவது ஈரப்பசைக் களிம்பு. மேலே சொன்ன ஆய்வுகளிலும் வார இறுதி ஸ்டீராய்டு தினசரி ஈரப்பசையின் மேல்தான் ஏற்றப்பட்டது. குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை என்கிறது நைஸ் வழிகாட்டுதல். அதாவது மாதத்துக்கு ஒரு கிலோவாவது வேண்டும். கடையில் விற்கும் நூறு கிராம் ட்யூப்களில் இதை வாங்கினால் கூலி வேலைக் குடும்பம் தாங்காது. அதனால் அங்கேயும் மிளகு அளவுதான். விலை உயர்ந்த மாய்ஸ்சரைசர்தான் வேண்டும் என்பதும் இல்லை. வெள்ளை பாரஃபின் போதும். பிலிப்பைன்ஸில் லேசான அல்லது மிதமான எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் சோதித்ததில், தூய தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாகவே வேலைசெய்தது. ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைக் கெடுப்பதாகவே பிரிட்டன் ஆய்வு ஒன்று கண்டது. ஆகவே, இறக்குமதி பாட்டிலைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாசிப்பயறு மாவு போட்டு ‘அழுக்குப் போக’ தேய்ப்பதை மட்டும் இந்தப் பிள்ளைகளிடம் கைவிட வேண்டும். குளித்து ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூசிவிட வேண்டும்.

அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுவிலிருந்து இயங்குகிறது. மருந்து விலையைக் குறைத்து வாங்குவதில் மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றியிருக்கின்றன. அரைக் கிலோ டப்பாக்களில் வெள்ளை பாரஃபினைக் கொள்முதல் செய்து, எக்ஸிமா என்று உறுதியான குழந்தைக்கு மாதம் இரண்டு டப்பா கொடுப்பது அந்தக் கழகத்தின் கணக்கில் ஒரு சிறு செலவு. அடுத்த கொள்முதல் பட்டியலில் அது இடம்பெற வேண்டும் என்று கோர வேண்டியவர்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் துறைத் தலைவர்கள்.